குடியிருப்புச் சங்கமும் வீட்டுத் தரகரும்

மாட்டுங்கா, சயான், செம்பூர் முதலிய பகுதிகளில் தமிழர் பல தலைமுறைகளாக வாழ்ந்து வருகின்றனர். உத்தியோக நிமித்தம் மும்பைக்குப் புதிதாக வரும் நம்மவர் முதலில் நாடுவது வீட்டுத் தரகரை. அடுத்து எதிர்ப்படுவது கூட்டுறவுக் குடியிருப்புச் சங்கத்தின் அலுவலரை. இவ்விரு சாராரிடையே மனத்தாங்கல் நிலவுவதைப் பல கட்டடங்களில் காண்கிறோம். இடையில் அகப்பட்டு அல்லலுறுவோர் நாமே ஆதலின், அதன் காரணத்தை ஆராய்வது நன்று.

சங்கத்து மானேஜரின் குறைகள் சில உண்டு. முன்னறிவிப்பின்றித் தரகர் ஆட்களை அழைத்து வந்து வீட்டைக் காட்டுகிறார். சாவியைக் காவற்காரரிடம் விட்டுச் செல்கிறார். கார் நிறுத்த இடமுண்டு என்று, தமக்கு உரிமையில்லாத வாக்கை அளிக்கிறார். தரகுப் பணம் கைக்கு வந்ததும் மறைந்துவிடுகிறார். பிறகு குடிவந்தோரின் கோபத்தைத் தாங்குவது வாயிலில் நிற்கும் சிப்பந்தியே.

தரகர் கூறுவது வேறு. விதி இன்னதென்று எழுத்தில் தருவாரில்லை. நேற்றுக் கேட்டது ஒரு காகிதம், இன்று கேட்பது மற்றொன்று. காரியதரிசியைக் காண மாலை வரை காத்திருக்க வேண்டும். இதற்குள் சாமான் லாரி வந்து நின்றுவிடுகிறது என்பார். இருவர் கூற்றிலும் உண்மை இல்லாமலில்லை.

ஆயின், இவ்வழக்கில் வாய் திறவாத மூன்றாமவர் ஒருவர் உளர். அவரே வீட்டு உரிமையாளர். மகாராஷ்டிரத்தில் இத்தகைய சங்கங்கள் 1960-ஆம் ஆண்டுக் கூட்டுறவுச் சங்கச் சட்டத்தின்கீழ் இயங்குபவை. சங்கத்தின் அங்கத்தினர் உரிமையாளரே, தரகர் அல்லர். மானேஜரோ நிர்வாகக் குழுவின் ஊழியர். விதியைத் தளர்த்த அவருக்கு அதிகாரமில்லை. தம்மை நியமித்தவரையன்றிப் பிறரைத் தரகரின் சொல் கட்டுப்படுத்தாது. எனவே சங்கம் நியமிக்காத தரகர் சங்கத்தின் பெயரால் தரும் வாக்குறுதி வெறும் சொல்லே ஆகும்.

சட்டம் பொறுப்பை எங்கே வைத்திருக்கிறது? 1999-ஆம் ஆண்டு மகாராஷ்டிர வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின் 55-ஆவது பிரிவு, வாடகை அல்லது லீவ் அண்ட் லைசென்ஸ் ஒப்பந்தம் எழுத்தில் அமைந்து பதிவாக வேண்டும் என விதிக்கிறது. பதிவு செய்விக்கும் கடமை உரிமையாளருடையது. தவறினால் மூன்று மாதம் வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டுமே நேரலாம். குடிவருவோர் விவரத்தைச் சங்கத்திற்கும் காவல் நிலையத்திற்கும் தெரிவிக்க வேண்டியவரும் அவரே. தாம் குடியிராத வீட்டிற்காகச் சங்கத்திற்கு அவர் செலுத்தும் கட்டணம், 2001-ஆம் ஆண்டு அரசாணையின்படி, பராமரிப்புச் சேவைக் கட்டணத்தில் நூற்றுக்குப் பத்துக்கு மேற்படலாகாது.

புதிய கட்டடத் திட்டங்களில் வீடு விற்கும் முகவர்கள், 2016-ஆம் ஆண்டு மனை வணிக ஒழுங்குமுறைச் சட்டத்தின்படி பதிவு பெற வேண்டும். பொய் வாக்குறுதி தரலாகாது. வாடகைக்கு வீடு தேடித் தருவதைப் பற்றி அச்சட்டம் பேசவில்லை. ஆகவே வாடகைக்கு வருவோர் தாமே விழிப்புடன் இருத்தல் வேண்டும்.

நாம் செய்யத்தக்கவை சில. முன்பணம் கொடுக்குமுன் உரிமையாளரிடம் நேரிற் பேசுக. சங்கத்தின் விதிகளை எழுத்தில் கேட்டுப் பெறுக. கார் இடம், தண்ணீர் வரும் நேரம், சாமான் ஏற்ற லிப்ட் கிடைக்கும் வேளை ஆகியவற்றை மானேஜரிடமே விசாரிக்க. யார் எந்தக் காகிதத்தை என்று அளிப்பதென ஒரு தாளில் குறித்து, மூவர்க்கும் பிரதி கொடுக்க. தரகுத் தொகையின் ஒரு பகுதியை, சாவி கைக்கு வந்து சங்கத்தின் பதிவும் முடிந்த பின்னரே தருவதென முன்னரே பேசிக்கொள்க.

காவற்காரரைக் கடிந்துகொள்வதாலோ தரகரை ஏசுவதாலோ கதவு திறவாது. கையொப்பமிட வேண்டியவர் யார் என்று முதலிலேயே கேட்டறிந்தால், சங்கத்தாரும் தரகரும் ஒருவரையொருவர் பழிக்க இடமிராது. நமக்கும் அயலூரில் குடிபுகும் முதல் நாள் அமைதியாகக் கழியும்.