அழுங்கும் பாங்கோலினும்

ஒரு விலங்குக்கு மக்கள் இட்ட பெயர், அவர்கள் அதன்கண் எதனைச் சிறப்பாகக் கண்டனர் என்பதைக் காட்டும். தமிழும் மலாயும் சீனமும் ஒருங்கே வழங்கும் ஈப்போப் புந்தோங் வட்டாரத்தார்க்கு இதனை விளக்க, அழுங்கு ஏற்ற சான்றாகும். முதுகும் வாலும் செதில் போர்த்து, எறும்பும் கறையானும் தின்று வாழும் விலங்கு அது.

தமிழர் அதன் உணவை நோக்கி ‘எறும்புதின்னி’ என்றும் அழைத்தனர். மலாய் மக்கள் அதன் செயலை நோக்கினர். ‘குலிங்’ என்பது உருளுதல். ‘பெங்குலிங்’ என்பது உருள்வது. இன்றைய மலாயில் ‘தெங்கிலிங்’ என்பதே வழக்கு. ஆயினும், ‘பெங்குலிங்’ என்னும் வடிவமே ஐரோப்பியர் வாய்ப்பட்டுப் ‘பாங்கோலின்’ ஆயிற்று. சீனப் பெயரின் பொருள் ‘மலை துளைக்கும் கவசம்’ என்பது. ஈப்போவைச் சூழ்ந்த சுண்ணாம்புக் குன்றுகளைக் கண்டார்க்கு அதன் நயம் எளிதில் விளங்கும்.

இனி, மாணவர் மயங்கும் இடம் ஒன்றுண்டு. 1758-இல் லின்னேயஸ் இவ்வினத்துக்கு இட்ட அறிவியற் பெயர் ‘மானிஸ்’. மலாயில் ‘மானிஸ்’ என்றால் இனிப்பு. இரண்டற்கும் தொடர்பில்லை; முன்னது, இறந்தோர் ஆவியைக் குறிக்கும் இலத்தீன் சொல்லினின்று பிறந்தது. அவ்வாறே, ‘அழுங்குதல்’ என்னும் வினைக்கு வருந்துதல் என்னும் பொருள் உண்மை பற்றி, ‘வருந்தும் விலங்கு ஆதலின் அழுங்கு’ என எழுதிவிடலாகாது. ஒலி ஒப்புமை ஒன்றே சான்றாகாது.

மெய்யான உறவு எவ்வாறிருக்கும் எனின், மலாயின் ‘கெல்டாய்’ என்னும் சொல்லைக் காண்க. அது நம் ‘கழுதை’யே. ழகரம் லகரமாகி, இடை உகரம் கெட்டது, பொருள் மாறவில்லை. கழுதை மலாய் மண்ணுக்கு உரிய விலங்கு அன்று, புறத்திருந்து வந்தது. ஒலி, பொருள், வரலாறு மூன்றும் இங்கே பொருந்துகின்றன. தமிழின் பெருமையை நாட்டுவதற்கும் இம்மூன்றும் வேண்டும்.

பெயரை ஆராய்வார் பெயருக்குரிய உயிரையும் மறத்தலாகாது. உருண்டுகொள்ளுதல் புலியினின்று அழுங்கைக் காக்கும். மனிதனுக்கோ, அதனை எளிதில் தூக்கிச் செல்ல இடந்தரும். இறைச்சிக்காகவும் செதிலுக்காகவும் வேட்டையாடப்பட்டமையால், இந்நாட்டு அழுங்கினம் 2014-இல் அற்றுப்போகும் பேரிடர் நிலையில் உள்ளதாக உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தால் அறிவிக்கப்பட்டது. மலேசியாவின் 2010-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் அதனை முழுப் பாதுகாப்பிற்குரியதாக வைத்துள்ளது. வகுப்பில் இப்பெயர்களை விளக்கும் ஆசிரியர் இதனையும் சேர்த்துச் சொல்லுதல் நலம்.