இருமொழித் தாளும் நுண்செயலி மாற்றமும்

வண்டிப்பெரியார்ப் பகுதியில் தமிழும் மலையாளமும் ஒரே தாளில் இடம்பெறுதல் இயல்பு. அத்தகைய தாளொன்று வணிக மென்பொருளிலிருந்து திறந்த மூல அமைப்புக்கு மாற்றப்படுகையில் எழும் மொழியியல் சிக்கலை இக்கட்டுரை ஆராய்கிறது.

1991ஆம் ஆண்டின் இஸ்கி தரத்தில் தமிழ், மலையாளக் ககரங்கள் இரண்டிற்கும் எண் ஒன்றே: 179. வரிவடிவத்தைத் தனிக்குறி ஒன்று சுட்டும். அது விடுபடின் தமிழ்த் தொடர் மலையாள எழுத்தில் தோன்றக்கூடும். வணிக எழுத்துருக்களில் சிக்கல் இன்னும் கடிது. அவற்றுட் பலவற்றில் 'கொ' என்பது கொம்பு, ககரம், கால் எனக் கண்ணுக்குத் தோன்றும் வரிசையில் பதிவாகும். யூனிகோடோ மெய்யை முன்னும் உயிர்க்குறியைப் பின்னும் வைக்கும். நம் இலக்கண மரபுக்கு இயைந்தது இதுவே.

நுண்செயலி வேறுபாடும் உண்டு. யூனிகோடில் ககரத்தின் எண் 2965. 11, 149 என்னும் இரு பைட்டுகள். மோட்டரோலா 68000 இவ்வரிசையிலேயே வைக்கும். இன்டெல் வகை தலைகீழாக வைக்கும். வரிசை பிறழப் படித்தால் 38155 கிடைக்கும். அது சீன எழுத்து! யூடிஎஃப்-8 முறையில் 224, 174, 149 என வரிசை நிலைத்திருப்பதால் இவ்விடர் இல்லை.

நிரலின் நிலை வேறு. இன்டெலுக்கென இயந்திர மொழியாக்கப்பட்ட நிரல் ஆர்ம் நுண்செயலியில் நேரே இயங்காது. மூல நிரல் இருப்பின் மீண்டும் ஆக்கிக்கொள்ளலாம். டெபியன் பலவகை நுண்செயலிகளில் இயங்குவது இவ்வாறே. வணிக மென்பொருளுக்கு அவ்வழி பயனருக்கு இல்லை. எனவே தாளை மாற்றுமுன் பகுதிதோறும் எழுத்துருப் பெயரைக் குறித்தல் வேண்டும். அது அழிந்தபின் எவ்வரி தமிழ், எவ்வரி மலையாளம் என இருமொழியும் அறிந்தவர் படித்தே பிரிக்க வேண்டியிருக்கும்.