திரை இருண்டாலும் பணம் பத்திரம்

கைப்பேசியில் அழைப்பு மணி ஒலிக்கிறது. ஆனால் திரை மட்டும் இருண்டு கிடக்கிறது. வாடகை, மின்கட்டணம், மளிகைக் கணக்கு என யாவும் அதன் வழியே செல்லும் இக்காலத்தில் மனம் பதறுவது இயல்பே. எனினும், அந்தப் பதற்றத்தில் செய்யும் தவறுதான் பழுதைவிடப் பெரிய இழப்பைத் தருகிறது.

கோளாறு எங்கே?

திரை என்பது ஒரே பொருள் அன்று. காட்சியைத் தரும் பலகை, விரலின் தொடுகையை உணரும் அடுக்கு, மேலே கண்ணாடி எனப் பல பகுதிகள் அதில் உள்ளன. ஒலி வந்து படம் வராவிடில், முதலில் கைப்பேசியை மறுதொடக்கம் செய்யுங்கள். பல ஆண்ட்ராய்டு கைப்பேசிகளில் பவர் பொத்தானையும் ஒலி குறைக்கும் பொத்தானையும் சேர்த்து 10 முதல் 30 விநாடிகள் வரை அழுத்திப் பிடித்தால் போதும்.

திரை மினுக்கினால் தானியங்கி ஒளிர்வை அணைத்துப் பாருங்கள். பிறகு 'சேஃப் மோட்' முறையில் இயக்குங்கள். அப்போது மினுக்கம் நின்றால், அண்மையில் நிறுவிய செயலியே காரணமாக இருக்கக்கூடும். திரை தானாகவே இயங்கினால் சார்ஜரைக் கழற்றி, டெம்பர்டு கிளாசையும் நீக்கிச் சோதியுங்கள். மறுதொடக்கத்திற்குப் பின்னும் மறையாத நெடுங்கோடு பெரும்பாலும் வன்பொருள் பழுதே. திரை சட்டத்திலிருந்து மேலெழும்பியிருந்தால் பேட்டரி உப்பியிருக்கலாம். அதனை அழுத்தவோ சார்ஜ் செய்யவோ வேண்டாம்.

படம் தெரிந்து தொடுகை மட்டும் இயங்காவிடில், ஓ.டி.ஜி. இணைப்பான் மூலம் கணினி மௌஸைப் பொருத்தி, தேவையான தகவல்களை நகலெடுத்துக்கொள்ளலாம்.

அவசரப் பணத்திற்கு

சிம் அட்டையைப் பொத்தான் கைப்பேசி ஒன்றில் பொருத்தினால் வங்கிக் குறுஞ்செய்திகள் தடையின்றி வரும். அதிலிருந்து *99# சேவை வழியாக, இணையம் இன்றியே இருப்பை அறியவும் பணம் அனுப்பவும் இயலும். முதன்முறை பயன்படுத்துவோர் தம் வங்கியைத் தெரிவுசெய்து பதிவு செய்துகொள்ள வேண்டும்.

பழுதுபார்க்கக் கொடுக்குமுன்

சிம், மெமரி கார்டு இரண்டையும் எடுத்துவிடுங்கள். திரைப்பூட்டின் எண்ணைக் கடைக்காரரிடம் கூறாதீர்கள். சோதனை தேவையெனில் நீங்களே உடனிருந்து திறந்து காட்டுங்கள். சில கைப்பேசிகளில் உள்ள பராமரிப்பு முறையை இயக்கினால் உங்கள் தகவல்கள் மறைந்திருக்கும். திரை முற்றிலும் அணைந்து செயலிகளிலிருந்து வெளியேற இயலாவிடில், வங்கியை அழைத்து மொபைல் வங்கிச் சேவையைத் தற்காலிகமாக நிறுத்திவைக்கக் கோருங்கள்.

இணையத் தேடலில் முதலில் தென்படும் 'வாடிக்கையாளர் சேவை' எண்ணை நம்பாதீர்கள். உங்கள் திரையைத் தொலைவிலிருந்து காணும் செயலியை நிறுவச் சொல்பவர், திரையைச் சீர்செய்ய வந்தவர் அல்லர். இத்தகைய செயலிகள் குறித்து ரிசர்வ் வங்கி 2019ஆம் ஆண்டிலேயே எச்சரித்துள்ளது.

அதே வங்கி 2017இல் வகுத்த நெறிமுறையை நினைவிற் கொள்க. வங்கியின் தவறோ வாடிக்கையாளரின் தவறோ இன்றி நிகழ்ந்த மோசடியை, வங்கியிடமிருந்து தகவல் கிடைத்த 3 வேலைநாள்களுக்குள் தெரிவித்தால் வாடிக்கையாளருக்குப் பொறுப்பில்லை. ஆனால் ரகசிய எண்ணை அவரே பகிர்ந்திருந்தால், வங்கிக்குத் தெரிவிக்கும்வரை ஏற்படும் இழப்பு அவருடையதே. ஆகவே ஐயம் எழுந்தவுடன் வங்கிக்கும் 1930 என்ற உதவி எண்ணிற்கும் தெரிவியுங்கள்.

உடைந்த திரையை மாற்றிவிடலாம். பகிர்ந்துவிட்ட ரகசிய எண்ணைத் திரும்பப் பெற இயலாது.