ரோஜா முள் குத்தினால் கவனிக்க வேண்டியவை

ரோஜா முள் குத்திய காயம் பெரும்பாலும் சில நாள்களில் ஆறிவிடும். சில வேளைகளில், காயம் ஆறிய பின்னரும் தொற்று வெளிப்படலாம். ரோஜா வளர்ப்போரும் பூப்பறிப்போரும் அவர்களைப் பராமரிப்போரும் இதனை அறிந்திருத்தல் அவசியம்.

ரோஜா முள்ளின் தன்மை

எலுமிச்சையின் முள் தண்டின் உட்பகுதியுடன் இணைந்திருக்கும். ரோஜாவின் முள்ளோ தண்டின் மேற்புறத் தோலிலிருந்து வளரும் புடைப்பாகும். எனவே அது எளிதில் ஒடியும். நுனி உங்கள் தோலுக்குள் தங்கிவிடலாம். முள்ளில் ஒட்டியுள்ள மண்ணும் கிருமிகளும் அதனுடன் உட்செல்லும்.

உடனடியாகச் செய்ய வேண்டியவை

• காயத்தைச் சோப்பிட்டு, ஓடும் நீரில் நன்கு கழுவுங்கள்.
• வெளியே தெரியும் முள்ளைச் சுத்தமான இடுக்கியால் அகற்றுங்கள். ஆழப் பதிந்த முள்ளை ஊசியால் தோண்ட வேண்டாம்.
• சுண்ணாம்பு, மஞ்சள்தூள், சாணம் போன்றவற்றைக் காயத்தில் பூச வேண்டாம்.
• கடைசி டெட்டனஸ் தடுப்பூசி போட்டு 5 ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருந்தால் மருத்துவரிடம் தெரிவியுங்கள்.

வாரங்கள் கழித்துத் தோன்றும் கட்டி

மண்ணிலும் மட்கும் தாவரப் பொருள்களிலும் ஸ்போரோட்ரிக்ஸ் என்னும் பூஞ்சை வாழ்கிறது. இது காயத்தின் வழியே நுழைந்தால், பெரும்பாலும் 1 முதல் 12 வாரங்களுக்குள் அவ்விடத்தில் சிறு கட்டி தோன்றும். தொடக்கத்தில் வலி இராது. ஆதலால் பலரும் பொருட்படுத்துவதில்லை. பின்னர் அது புண்ணாகலாம். கையில் மேல்நோக்கி வரிசையாக மேலும் கட்டிகள் எழலாம். பாக்டீரியாவுக்குரிய நுண்ணுயிர்க்கொல்லிகள் இப்பூஞ்சையைக் குணப்படுத்தா. இட்ராகோனசோல் போன்ற பூஞ்சை எதிர்ப்பு மருந்தைப் பொதுவாக 3 முதல் 6 மாதங்கள் வரை மருத்துவரின் மேற்பார்வையில் உட்கொள்ள வேண்டும். கருவுற்றிருப்பின் அதனை முன்கூட்டியே தெரிவியுங்கள்.

மருத்துவரை அணுக வேண்டிய அறிகுறிகள்

• சிவப்பு பரவுதல், சீழ், காய்ச்சல்
• முள் குத்திய மூட்டில் வீக்கம் அல்லது அசைக்க இயலாமை
• ஆறாத புண், புதிதாகத் தோன்றும் கட்டி

முள் குத்தியது பல வாரங்களுக்கு முன்பு எனினும் மருத்துவரிடம் மறவாமல் கூறுங்கள். நோயைக் கண்டறிய அத்தகவல் பெரிதும் உதவும்.

பராமரிப்பாளர் கவனத்திற்கு

நீண்டகாலச் சர்க்கரை நோயுள்ளோர் சிலருக்குக் கால்களில் உணர்வு குறைந்திருக்கும். முள் குத்தியதை அவர்கள் அறியாமல் போகலாம். அவர்களுடைய பாதங்களை நாள்தோறும் பார்வையிடுங்கள். தோட்டப் பணியின்போது தடித்த கையுறை, முழுக்கைச் சட்டை, மூடிய காலணி ஆகியவற்றை அணியச் செய்யுங்கள்.