ஸ்ரீமுஷ்ணம் எந்த ஆற்றின் ஊர்?

டீ ஆறுவதற்குள் ஒரு வரைபடத்தை மனதில் போட்டுப் பார்ப்போம். சிதம்பரத்திலிருந்து மேற்கே ஏறக்குறைய 40 கி.மீ. போனால் ஸ்ரீமுஷ்ணம். பூவராகப் பெருமாள் கோயிலால் பேர்பெற்ற சிறிய ஊர். அண்மைக்காலம் வரை காட்டுமன்னார்கோயில் வட்டத்தில் இருந்தது. இப்போது தனி வட்டம்.

காட்டுமன்னார்கோயில் என்றதும் வீராணம் ஏரி நினைவுக்கு வரும். அதனால் ஸ்ரீமுஷ்ணமும் காவிரிப் பாசன ஊர்தான் என்று நினைத்துவிடுகிறோம். இங்கே கொஞ்சம் நிதானிப்போம். காவிரித் தண்ணீர் கொள்ளிடத்தில் இறங்கி, கீழணையில் தேங்கி, வடவாறு வழியாக வீராணத்தை நிரப்புகிறது. ஸ்ரீமுஷ்ணம் அந்த ஏரிக்கு மேற்கே, மேடான நிலத்தில் இருக்கிறது. தண்ணீர் தானாக மேடேறாது. ஏரியின் உபரி நீர் சேத்தியாத்தோப்புப் பக்கம் வெள்ளாற்றில் விழுகிறது. அதுவும் ஸ்ரீமுஷ்ணத்தைத் தாண்டிக் கிழக்கேதான்.

ஆக, இது வெள்ளாற்றங்கரை நாடு. சேலத்துப் பக்க மலைகளின் மழை வசிஷ்ட நதியாகவும் சுவேத நதியாகவும் இறங்குகிறது. இரண்டும் சேர்ந்தால் வெள்ளாறு. விருத்தாசலம் வழியாக வரும் மணிமுத்தாறு, ஸ்ரீமுஷ்ணத்துக்குப் பக்கத்தில் கூடலையாற்றூரில் இதோடு கலக்கிறது. சுந்தரர் பதிகம் பாடிய தலம் அது. ஆறுகள் கூடும் இடத்தில் ஊரும் கோயிலும் எழுவது நம் வழக்கம்.

மேட்டூர் திறந்தாலும் இந்தப் பகுதி வெள்ளாற்றில் தண்ணீர் வராது. ஆத்தூரிலும் கல்வராயன் மலையிலும் மழை பெய்தால்தான் வரும். வந்த வெள்ளம் சில நாளில் கடலுக்குப் போய்விடும். அதைப் பிடிக்கத்தான் பெலாந்துறையில் அணைக்கட்டு. பெரிய அணைபோல் இது நீரைச் சேமித்து வைப்பதில்லை. வீடு கழுவும்போது நிலைப்படி தண்ணீரைத் தடுத்து ஓரமாகத் திருப்புகிறதல்லவா, அதே வேலைதான்: மட்டத்தை உயர்த்தி வாய்க்காலில் திருப்பும், மிஞ்சியது மேலே வழிந்து போகும்.

தண்ணீர் மேற்கிலிருந்து வந்தாலும் ஆட்சி தெற்கிலிருந்து வந்தது. பூவராகர் கோயிலைப் பெரிதாக்கியவர்களில் முக்கியமானவர் தஞ்சை அச்சுதப்ப நாயக்கர். புருஷசூக்த மண்டபத்துத் தூண்களில் நாயக்கர் காலச் சிற்பங்களை இன்றும் பார்க்கலாம்.

கடலோடும் இவ்வூருக்கு உறவுண்டு. வெள்ளாறு பரங்கிப்பேட்டையில் கடலில் சேர்கிறது. மாசி மகத்துக்குப் பூவராகர் புறப்பட்டு, அந்த முகத்துவாரத்துக்குத் தெற்கே கிள்ளை முழுக்குத்துறையில் தீர்த்தவாரி காண்கிறார். வழியில் கிள்ளையின் இஸ்லாமியர்கள் பெருமாளை வரவேற்று மரியாதை செய்வது தலைமுறைகளாகத் தொடரும் வழக்கம்.

காவிரிக்கும் வெள்ளாற்றுக்கும் உள்ள இந்த வேறுபாடு தெரிந்தால் என்ன பயன்? காவிரிக்காகப் பேச முன்பு நடுவர் மன்றம் இருந்தது, இப்போது ஆணையம் உண்டு. வெள்ளாறு தமிழ்நாட்டுக்குள்ளேயே பிறந்து தமிழ்நாட்டுக்குள்ளேயே முடிகிறது. அதன் மணல் போனாலும் வாய்க்கால் தூர்ந்தாலும் அண்டை மாநிலத்தைக் கேட்க முடியாது. கேட்க வேண்டியவர்களும் காக்க வேண்டியவர்களும் நாமேதான்.