அடியும் வெட்டும்

2015 பிப்ரவரியில் நடந்த ஆஸ்கர் விழாவில் சிறந்த படத்துக்கான விருதை 'பேர்ட்மேன்' பெற்றது. ஏறக்குறைய முழுவதும் ஒரே ஷாட்டில் எடுத்தது போலத் தோன்றும் படம் அது. வெட்டு எங்கே விழுந்தது என்று கண்ணுக்குப் பிடிபடாதபடி ஒளிப்பதிவாளர் எம்மானுவேல் லுபெஸ்கி காட்சிகளை இழைத்திருப்பார். அதே மேடையில் சிறந்த படத்தொகுப்புக்கான விருது 'விப்லாஷ்' படத்தின் டாம் கிராஸுக்குப் போனது. அந்தப் படமோ வெட்டுகளாலேயே மூச்சுவிடுவது. வெட்டை முழுக்க மறைத்த படம் ஒன்று, வெட்டை முன்னால் கொண்டுவந்து நிறுத்திய படம் ஒன்று. இரண்டுக்கும் உள்ளே ஓடுவது டிரம்ஸ். இதைத் தற்செயல் என்று விட்டுவிடலாம்தான். ஆனால் டிரம்மரும் படத்தொகுப்பாளரும் செய்வது அடிப்படையில் ஒரே வேலை: ஓடிக்கொண்டிருக்கும் காலத்தைத் துண்டுபோடுவது, அடுத்த துண்டு எப்போது விழும் என்ற எதிர்பார்ப்பைப் பார்ப்பவருக்குள் வளர்ப்பது. டிரம்மர்களைப் பற்றிய சிறந்த படங்கள் இந்த உறவைக் கண்டுகொண்ட படங்கள் என்பது என் வாதம். கேமராவால் ஓர் அடியை அப்படியே பதிவு செய்ய முடியாது. அதைப் படத்தொகுப்பு மேசையில் யாரோ இன்னொரு முறை வாசிக்க வேண்டியிருக்கிறது.

முதலில் கேட்பவருக்கு இது விசித்திரமாகத் தோன்றும். இசைக்கருவிகளிலேயே படம்பிடிக்க எளிதானது டிரம்ஸ் அல்லவா? புல்லாங்குழலில் காற்று தெரியாது. பியானோவில் கம்பியைத் தட்டும் சுத்தியல் பெட்டிக்குள் இருக்கிறது. டிரம்ஸில் கை ஓங்குவது, குச்சி இறங்குவது, சிம்பல் நடுங்குவது எல்லாமே வெட்டவெளியில் நடக்கின்றன. ஆனால் கணக்குப் போட்டுப் பார்த்தால் நிலைமை தலைகீழ். சினிமா நொடிக்கு 24 பிரேம்கள் ஓடுகிறது. அதாவது ஒரு பிரேமுக்கு ஏறத்தாழ 42 மில்லி நொடி. வழக்கமான அமைப்பில் அந்த நேரத்தில் பாதிதான் ஷட்டர் திறந்திருக்கும், மீதி 21 மில்லி நொடி கேமரா எதையும் பார்ப்பதில்லை. குச்சியின் நுனி தோலைத் தொட்டு மீள்வதற்கு ஆகும் நேரமோ சில மில்லி நொடிகள். ஆகவே தொடும் கணம் முழுக்கவே ஷட்டர் மூடியிருக்கும்போது நடந்து முடிந்துவிடலாம். திறந்திருக்கும்போது நடந்தாலும், நொடிக்கு 5 மீட்டர் வேகத்தில் இறங்கும் நுனி அந்த 21 மில்லி நொடிக்குள் சுமார் 10 சென்டிமீட்டர் கடந்து, திரையில் ஒரு மங்கலான விசிறியாக மட்டுமே பதியும். மேலே ஒரு குச்சி, கீழே ஒரு குச்சி, இரண்டுக்கும் நடுவில் அடி விழுந்ததாக நம் மனம் நிரப்பிக்கொள்கிறது.

காதோ இவ்வளவு தாராளமானது அல்ல. சீரான அடிகளுக்கு நடுவே ஒன்று 10 மில்லி நொடி பிசகினாலே தேர்ந்த காது கண்டுபிடித்துவிடும். சினிமாவின் மிகச் சிறிய காலத் துண்டு, டிரம்மர் செய்யும் மிகச் சிறிய தவறைவிட நான்கு மடங்கு பெரியது என்று இதற்குப் பொருள். நிமிடத்துக்கு 300 எண்ணிக்கை ஓடும் வேகமான ஜாஸ் உருப்படி ஒன்றை எடுத்துக்கொள்வோம்: ஓர் எண்ணிக்கைக்கு 4.8 பிரேம்கள். ஒலியை நொடியின் 48,000-ல் ஒரு பங்குவரை நறுக்கலாம். படத்தை 24-ல் ஒரு பங்குக்குக் கீழே நறுக்க வழியில்லை. எனவே வெட்டு பெரும்பாலும் அடிக்குக் கொஞ்சம் முன்னாலோ பின்னாலோதான் விழும். இந்தச் சிக்கலில் படத்தொகுப்பாளருக்குக் கைகொடுப்பது இயற்கையே. தொலைக்காட்சிக்காகச் சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியம் வகுத்த அளவுகோலின்படி, ஒலி படத்தை 45 மில்லி நொடி முந்தினாலே பார்ப்பவர்களுக்குத் தெரிந்துவிடுகிறது. பிந்தினால் 125 மில்லி நொடிவரை தெரிவதில்லை. ஊர்வலத்தில் 40 மீட்டர் தள்ளி வரும் பறையின் ஓசை கிட்டத்தட்ட அவ்வளவு தாமதமாகத்தான் நம்மை வந்தடைகிறது. கண் முந்தி, காது பிந்தி வாழப் பழகிய உயிர்கள் நாம். அந்தப் பழக்கத்தின் இடைவெளிக்குள்தான் டிரம்மர் படங்கள் தங்கள் வித்தையைச் செய்கின்றன. 1959-ல் வந்த, ஜாஸ் டிரம்மர் ஜீன் க்ரூப்பாவின் வாழ்க்கைப் படத்தில் ஒலிப்பதிவில் வாசித்தவர் க்ரூப்பாவேதான்; திரையில் கையசைத்தவர் நடிகர் சால் மினியோ. 'தில்லானா மோகனாம்பாள்' படத்தில் தவில்காரர் முத்துராக்குவாக வந்த டி.எஸ். பாலையாவின் தோளும் தலையும் லயத்தோடு ஆடியபோது, ஒவ்வொரு விரலும் சரியாக விழுந்ததா என்று யாரும் எண்ணிக்கொண்டிருக்கவில்லை. உடம்பு தாளத்தில் இருந்தது, அது போதுமானதாக இருந்தது.

'விப்லாஷ்' இந்த இடத்திலிருந்து இன்னொரு படி மேலே போகிறது. நியூயார்க்கின் ஒரு கற்பனை இசைக் கல்லூரியில் ஆண்ட்ரூ என்ற மாணவனை ஃப்ளெச்சர் என்ற ஆசிரியர் வதைத்து வாசிக்க வைக்கும் கதை. இயக்குநர் டேமியன் சாஸெல் பள்ளி நாட்களில் கண்டிப்பான ஆசிரியரிடம் ஜாஸ் டிரம்ஸ் வாசித்தவர். நாயகனாக நடித்த மைல்ஸ் டெல்லரும் பதின்ம வயதிலிருந்தே டிரம்ஸ் பழகியவர். வெறும் 19 நாட்களில் படப்பிடிப்பு முடிந்தது. தலைப்புக்குக் காரணமான உருப்படி ஹாங்க் லெவி இயற்றியது, ஏழு எண்ணிக்கைச் சுற்றில் ஓடுவது. மிச்ர சாபு கேட்டுப் பழகிய காதுக்கு அது அந்நியமாக இராது. படத்தில் கவனிக்க வேண்டியது, ஆண்ட்ரூவின் இரண்டு கையும் இரண்டு காலும் சேர்ந்து தெரியும் அகலமான ஷாட்டுகளைத் தேவைக்கு மேல் நம்பாமல், டாம் கிராஸ் துண்டுகளை நம்புவதுதான். சிம்பலின் விளிம்பு, வியர்வைத் துளி, டிரம்பெட்காரரின் உதடு, மிதியை அழுத்தும் பாதம் என ஒவ்வொன்றும் ஒரு அடியின் இடத்தில் வந்து விழுகிறது. ஃப்ளெச்சர் கையை உயர்த்தி முஷ்டியை மூடியதும் மொத்தக் குழுவும் நின்றுபோகிறது. அந்த முஷ்டியும் ஒரு வெட்டுதான். ஆண்ட்ரூவைக் கன்னத்தில் அறைந்தபடியே எண்ணச் சொல்லி, காலப்பிரமாணம் முந்துகிறதா பிந்துகிறதா என்று அவர் கேட்கும் காட்சியில் பார்ப்பவரும் தன்னையறியாமல் எண்ணத் தொடங்கிவிடுகிறார். ஆண்ட்ரூ முந்துகிறானா பிந்துகிறானா என்பது பெரும்பாலான பார்வையாளர்களின் காதுக்கு உண்மையில் தெரியாது. தெரியாமலே பயப்பட வைத்திருப்பது படத்தொகுப்பின் சாதனை.

இந்தப் படத்தின் மீது ஜாஸ் கலைஞர்கள் பலர் வைத்த குறைகளைத் தட்டிக்கழிக்க முடியாது. டிரம்ஸ் என்பது வேகப் பந்தயம் இல்லை, ரத்தம் சிந்துவதும் இல்லை, சக கலைஞர்களைக் கேட்பது என்றார்கள் அவர்கள். ஃப்ளெச்சர் தன் கொடுமைக்கு நியாயமாகச் சொல்லும் கதையும் திரிந்தது: சாக்ஸபோன் கலைஞர் சார்லி பார்க்கரின் தலையைக் குறிவைத்து டிரம்மர் ஜோ ஜோன்ஸ் சிம்பலை வீசினார் என்கிறார் அவர், நினைவுகூரப்படும் சம்பவத்தில் 1936-ல் கன்சாஸ் நகரில் சிம்பல் பார்க்கரின் காலடியில்தான் போடப்பட்டது. அவமானப்படுத்தியது உண்மை, கொல்லப் பார்த்தது கற்பனை. இந்த வேறுபாடு சிறியதல்ல, ஏனென்றால் ஃப்ளெச்சரின் கல்விக் கொள்கை முழுவதும் அந்தக் கற்பனையின் மேல் நிற்கிறது. ஆனால் இந்தக் குறைகள் என் வாதத்தை உடைப்பதற்குப் பதில் உறுதிப்படுத்துகின்றன. கேட்டு வாசிப்பது என்பது இருவருக்கு இடையே நடப்பது. அதைக் காட்ட ஒரு முகத்திலிருந்து இன்னொரு முகத்துக்குப் போக வேண்டும். படத்தின் பெரும்பகுதி ஆண்ட்ரூவின் உடம்புக்குள்ளேயே வெட்டிக்கொண்டிருப்பதால்தான் அங்கே கேட்டல் இல்லை. கடைசியில் 'கேரவன்' உருப்படியை ஆண்ட்ரூ தானாகத் தொடங்கி, குழுவுக்குச் சைகை கொடுத்து உள்ளே இழுத்த பிறகு, வெட்டுகள் அவனுக்கும் ஃப்ளெச்சருக்கும் இடையே போய்வரத் தொடங்குகின்றன. அந்த நிமிடங்களில்தான் படம் இசையாகிறது என்பேன். அதற்கு முன்னால் இருப்பது பயிற்சியின் திகில்.

'பேர்ட்மேன்' எதிர்த்திசையில் இதையே நிறுவுகிறது. இயக்குநர் அலெஹாண்ட்ரோ இன்யாரிட்டு வெட்டுகளை ஒளித்துவைத்ததும் அவர் படத்தின் காலத்தைத் துண்டுபோட ஆளில்லாமல் போனது. சாதாரணப் படத்தில் வெட்டு செய்யும் வேலையைச் செய்ய அவர் மெக்சிகோ டிரம்மர் அந்தோனியோ சான்செஸை அழைத்தார். காட்சியை இயக்குநர் சொல்லச் சொல்ல, பாத்திரம் கதவைத் திறக்கும் இடத்தில், மனம் மாறும் இடத்தில் அவர் கையைத் தூக்க, சான்செஸ் அந்த இடத்தில் வாசிப்பை மாற்றினார். ஸ்நேரும் சிம்பலும் காட்சிகளுக்கு நிறுத்தற்குறி இட்டன. நாடகக் கொட்டகையின் சந்துகளில் நாயகன் நடக்கும்போது ஓரத்தில் ஒரு டிரம்மர் உட்கார்ந்து வாசித்துக்கொண்டிருப்பது தெரியும். கேட்பது சான்செஸின் கைகள், பார்ப்பது நேட் ஸ்மித் என்ற இன்னொரு டிரம்மரின் உடம்பு. இங்கேயும் அடி ஒருவருடையது, உருவம் இன்னொருவருடையது. படத்தில் மேற்கத்திய செவ்வியல் இசையும் கணிசமாக இருந்ததால் சான்செஸின் பின்னணி இசை ஆஸ்கர் போட்டிக்கே ஏற்கப்படவில்லை. படத்தின் நடையைத் தீர்மானித்த வேலைக்கு இப்படி நேர்ந்ததை இன்றும் ஒரு பிழையாகவே நினைக்கிறேன்.

அப்படியானால் இதெல்லாம் ஏமாற்று வேலை இல்லையா என்று ஒருவர் கேட்கலாம். ஒரு கலைஞரை ஒரே கோணத்தில் வைத்து, வெட்டாமல், முழுக் கச்சேரியையும் படம்பிடித்தால் அதுவே நேர்மையான டிரம்ஸ் படம் ஆகாதா? குச்சியால் அடிக்கும் டிரம்ஸுக்கு நான் அதை ஒப்புக்கொள்ள மாட்டேன். அந்த நேர்மையான ஷாட்டிலும் கேமரா பாதி அடிகளைத் தவறவிடுகிறது என்பதை மேலே பார்த்தோம். ஆனால் இந்தக் கேள்வி தோலைக் கையால் வாசிக்கும் கருவிக்கு வரும்போது கனம் கூடுகிறது. டிரம் செட்டில் ஒலி மாற வேண்டுமென்றால் கை இடம் மாற வேண்டும். ஸ்நேரிலிருந்து சிம்பலுக்குப் போவதைக் கண் பின்தொடரும். மிருதங்கத்தில் வலந்தலை என்ற அதே வலது முகத்தில் விரல் எப்படித் தொடுகிறது என்பதே ஒலியை மாற்றுகிறது. சாதாரண வட்டத் தோலைத் தட்டினால் எழும் அதிர்வுகள் 1, 1.59, 2.14 என்று ஒழுங்கில்லாத விகிதங்களில் இருக்கும், அதனால் சுருதி பிறக்காது. வலந்தலையின் நடுவில் கல்பொடியும் சோறும் கலந்து அடுக்கடுக்காகத் தேய்த்து ஏற்றும் கருப்புக் கரணை, அந்த அதிர்வுகளை முழு எண் விகிதங்களுக்கு இழுத்துக்கொண்டுவருகிறது. 1920-ல் சி.வி. ராமனும் சிவகாளி குமாரும் 'நேச்சர்' இதழில் எழுதிக் காட்டியது இதைத்தான். மோதிர விரல் தோலில் லேசாகப் பட்டிருக்க ஆள்காட்டி விரல் விளிம்பைத் தட்டினால் 'நம்'. அந்த மோதிர விரலின் மெல்லிய தொடுதல்தான் அடிப்படை அதிர்வை அடக்கி மேல் சுரத்தை மட்டும் பாட விடுகிறது. இதை வேகமாக வெட்டினால் காட்ட வேண்டிய அந்த ஒரு விரலையே இழந்துவிடுவோம்.

ராஜீவ் மேனனின் 'சர்வம் தாள மயம்' 2019 பிப்ரவரியில் திரைக்கு வந்தபோது எதிர்கொண்டது இந்தச் சவாலை. மிருதங்கம் செய்பவரின் மகன் பீட்டர், மிருதங்கம் வாசிக்க ஆசைப்பட்டு வேம்பு ஐயரிடம் போகிற கதை. பீட்டராக நடித்த ஜி.வி. பிரகாஷ்குமார் இதற்காக மிருதங்க வித்வான் உமையாள்புரம் சிவராமனிடம் பயிற்சி எடுத்தார். படத்தின் மிகச் சிறந்த பகுதிகள் நிதானமானவை: தோலும் வாரும் கிடக்கும் வீடு, குருவின் எதிரே உட்கார்ந்து கை பழகும் நேரம், வேம்பு ஐயராக வரும் நெடுமுடி வேணுவின் முகத்தில் தாளம் ஓடிக்கொண்டிருப்பது. தோலை இழுத்துக் கட்டும் கையும் அதை வாசிக்கும் கையும் ஒரே சாதியில் இருக்கக் கூடாது என்று வைத்திருந்த பழைய ஏற்பாட்டை, வசனங்களைவிட இந்த நிதானம் அழுத்தமாகச் சொல்கிறது. கரணையை யார் ஏற்றினார் என்று பார்த்த பிறகு, ஒலி வாசிப்பவருக்கு மட்டும் சொந்தம் என்று நினைப்பது கடினம். கதை தொலைக்காட்சிப் போட்டிக்குள் போனதும் படம் 'விப்லாஷ்' இலக்கணத்துக்கு, துண்டும் கைதட்டலும் கொண்ட வேகத்துக்கு மாறிவிடுகிறது. மிருதங்கத்துக்கு அந்த இலக்கணம் பொருந்தவில்லை. வெட்டு வேண்டாம் என்பதல்ல நான் சொல்வது. எங்கே வெட்டுவது என்பதைக் கருவி சொல்ல வேண்டும். குச்சிக்கு வெட்டு நண்பன், விரலுக்குக் காத்திருத்தல் நண்பன்.

இந்த வரிசையில் எனக்கு மிகவும் நெருக்கமானது டேரியஸ் மார்டரின் 'சவுண்ட் ஆஃப் மெட்டல்'. 2021 ஏப்ரலில் ஒலிக்கும் படத்தொகுப்புக்கும் அது ஆஸ்கர் பெற்றது. டிரம்மர் படம் ஒன்று மறுபடியும் தொகுப்பு மேசையில் ஜெயித்ததில் எனக்கு வியப்பில்லை. ரூபன் என்ற மெட்டல் டிரம்மர் சில நாட்களுக்குள் செவித்திறனை இழக்கிறான். பல மாதங்கள் டிரம்ஸும் சைகை மொழியும் கற்ற ரிஸ் அகமது, தொடக்கக் கச்சேரியைத் தானே வாசித்தார். இந்தப் படத்தில் முக்கியமான வெட்டு படத்தில் விழுவதில்லை, ஒலியில் விழுகிறது: நாம் வெளியிலிருந்து கேட்டுக்கொண்டிருக்கும் உலகம் சட்டென்று ரூபனின் மண்டைக்குள் கேட்கும் மந்தமான முனகலாக மாறும், பிறகு மீண்டும் திரும்பும். ஒலி வடிவமைப்பாளர் நிக்கோலஸ் பெக்கர் நடிகரின் உடம்போடு ஒட்டிய மைக்குகளால் பிடித்த ஒலிகள் அவை. காது போனால் டிரம்மருக்கு என்ன மிஞ்சும் என்ற கேள்விக்கு உலகம் முன்பே ஒரு பதிலைப் பார்த்திருக்கிறது. 12 வயதில் செவித்திறனைப் பெருமளவு இழந்திருந்த ஸ்காட்லாந்துக் கலைஞர் எவ்லின் கிளெனி, வெறுங்காலோடு மேடையேறித் தரை வழியாக அதிர்வை வாங்கி வாசிப்பவர். அவரைப் பற்றி 2004-ல் 'டச் த சவுண்ட்' என்ற ஆவணப்படம் வந்திருக்கிறது. ரூபன் சேர்ந்த காதுகேளாதோர் இல்லத்தில் குழந்தைகளுக்கு வாளிகளைக் கவிழ்த்து அடிக்கக் கற்றுக்கொடுக்கிறான். விளையாட்டுத் திடலில் ஒரு சிறுவனோடு தனியாக இருக்கும்போது, இரும்புச் சறுக்கில் கையால் தட்டுகிறான். சிறுவன் அந்தத் தாளத்தைத் தகரத்தின் வழியாகத் தன் உடம்பில் வாங்கிக்கொள்கிறான். அந்த இடத்தில் கேமரா அவசரப்படுவதில்லை.