சேறும் ஓதமும் மின்மினியும்: கோலசிலாங்கூர்க் கடலோரத்தைத் தெரிந்து எழுதுவோம்

‘நான் சென்ற கடற்கரைச் சுற்றுலா’ என்று தலைப்பு வந்தால் என்ன எழுதுவீங்க? வெள்ளை மணல், நீலக்கடல், தாலாட்டும் அலை, சிலுசிலுவென வீசும் காற்று, மாலையில் மறையும் செங்கதிரோன். மொழி நன்றாகத்தான் இருக்கும். ஆனால் அந்தக் கடற்கரை எங்கே இருக்கிறது என்று கேட்டால் பதில் வராது. போர்ட்டிக்சனுக்கும் பொருந்தும், பினாங்குக்கும் பொருந்தும், நீங்கள் போகாத ஊருக்கும் பொருந்தும். திருத்தும் ஆசிரியருக்கு அது முதல் பத்தியிலேயே தெரிந்துவிடும்.

ஆகவே ஒரே ஒரு கடலோரத்தை எடுத்துக்கொள்வோம். கோலாலம்பூரிலிருந்து ஏறக்குறைய 70 கிலோமீட்டர் தொலைவில், சிலாங்கூர் ஆறு கடலில் கலக்கும் இடத்தில் இருக்கிறது கோலசிலாங்கூர். சுற்றிலும் செம்பனைத் தோட்டங்கள், தோட்டத் தமிழ்ப்பள்ளிகள். நம்மில் பலருக்கு உறவினர் இருக்கும் வட்டாரம். அங்கே வெள்ளை மணலும் இல்லை, நீலக்கடலும் இல்லை. பழுப்பு நிற நீரும் முழங்கால் புதையும் சேறும்தான். அப்படியிருந்தும் வெளிநாட்டுப் பயணிகள் தேடி வருகிறார்கள். எதற்காக?

ஏன் இங்கே மணல் இல்லை?

தீபகற்பத்தின் கிழக்குக்கரை தென்சீனக் கடலைப் பார்த்துத் திறந்து கிடக்கிறது. வடகிழக்குப் பருவக்காற்றின்போது பெரிய அலைகள் வந்து மோதும். மெல்லிய வண்டலை அவை அடித்துக்கொண்டு போய்விட, கனமான மணல் தங்கிவிடும். திரெங்கானு, பகாங் கடற்கரைகள் அப்படி உருவானவை. மேற்குக்கரையின் கதை வேறு. எதிரே சுமத்ரா தீவு சுவர்போல நிற்பதால் மலாக்கா நீரிணையில் அலை அடங்கியே இருக்கிறது. ஆறுகள் கொண்டுவரும் வண்டல் கரையோரமாகப் படிந்துவிடுகிறது. சேறு என்றால் அழுக்கு என்று நினைக்காதீங்க. பாசார் மாலாமில் நாம் வாங்குகிற கெராங் சிப்பி வளர்வது இந்த மாதிரிச் சேற்றில்தான்.

சேறு இருக்கும் இடத்தில் அலையாத்திக் காடு வரும். அலையை ஆற்றுவது, அதாவது தணிப்பது, அலையாத்தி. பெயரிலேயே வேலை இருக்கிறது, பாருங்க. இந்தச் சேற்றுக்குள் காற்று புகாது. அதனால் சில மரங்கள் வேர் நுனிகளைப் பென்சில் நட்டதுபோல் மேலே நீட்டி மூச்சு விடுகின்றன. பாக்காவ் மரம் விதையைக் கீழே போடுவதற்கு முன்பே, கிளையில் தொங்கும்போதே, முளைக்கவிடுகிறது. நீண்ட அந்த முளை விழுந்தால் சேற்றில் செங்குத்தாகக் குத்தி நிற்கலாம். நீரில் விழுந்தால் மிதந்து போய் வேறிடத்தில் வேர் பிடிக்கலாம். சிதம்பரம் கோயிலின் தலமரமான தில்லையும் அலையாத்தி இனம்தான். நம் நாட்டுச் சதுப்புநிலங்களிலும் அது உண்டு. அதன் பால் கண்ணில் பட்டால் பார்வையைக் கெடுக்கும் என்பதால் மலாயில் ‘பூத்தா பூத்தா’ என்கிறார்கள். பூத்தா என்றால் குருடு. கழி, கழிமுகம், கண்டல், தாழை, புன்னை என்று நெய்தல் நிலப் பாடத்தில் மனப்பாடம் செய்கிற சொற்களுக்கு நம் கடலோரத்திலும் பொருள் இருக்கிறது. தேர்வில் ‘பல மரங்கள் இருந்தன’ என்று எழுதுவதைவிட ‘கண்டல்’ என்று ஒரு சொல் எழுதினால் படிக்கிறவர் கண்முன் மரம் நிற்கும்.

அமாவாசைக் கணக்கு

கடல்நீர் ஏறுவதையும் இறங்குவதையும் ஓதம் என்கிறோம். மலாய்க்காரர்கள் ஆயிர் பாசாங், ஆயிர் சூருட் என்பார்கள். இந்தக் கரையில் ஒரு நாளில் ஏறக்குறைய இரண்டு முறை நீர் ஏறும், இரண்டு முறை இறங்கும். நேரம் நாளுக்கு நாள் ஏறத்தாழ 50 நிமிடம் தள்ளிப்போகும். அமாவாசையும் பௌர்ணமியும் ஒட்டிய நாட்களில் கதிரவனும் நிலவும் பூமியோடு ஏறக்குறைய ஒரே கோட்டில் நின்று இழுப்பதால், ஏற்றம் அதிகமாக ஏறும், இறக்கம் அதிகமாக இறங்கும்.

சமூக ஊடகங்களில் எல்லாரும் படம் போடுகிற ‘ஸ்கை மிரர்’ இந்தக் கணக்கின் பலன்தான். சசாரான் கடலோரத்திலிருந்து படகில் போனால், நடுக்கடலில் ஒரு மணல்திட்டு. மற்ற நேரங்களில் அது நீருக்கடியில் கிடக்கும். நீர் மிகவும் இறங்கும் அந்தச் சில நாட்களில், அதுவும் சில மணி நேரம் மட்டும், தலை காட்டும். மேலே மெல்லிய நீர்ப்படலம் தங்குவதால் வானம் அப்படியே தெரிகிறது. மந்திரம் ஒன்றுமில்லை. ஆனால் ‘வானமே காலடியில் விரிந்தது’ என்று எழுதிவிட்டு, அடுத்த வரியில் நிலவின் இழுப்பைச் சொல்லத் தெரிந்த மாணவருடைய கட்டுரை தனியாகத் தெரியும்.

மரம் மட்டும் இருந்தால் போதாது

இனி மின்மினிக்கு வருவோம். ஆற்றில் சற்று உள்ளே இருக்கிறது கம்போங் குவாந்தான். (பகாங்கில் உள்ள குவாந்தான் நகரம் வேறு, கட்டுரையில் குழப்பிவிடாதீங்க.) இருட்டிய பிறகு நான்கு பேர் உட்காரும் சம்பானில் படகோட்டி துடுப்புப் போட்டு அழைத்துப் போவார். கரையோரத்தில் பெரெம்பாங் மரங்கள். இலைகளில் ஆயிரக்கணக்கான மின்மினிகள். தீபாவளி விளக்குச்சரம் மாதிரி என்று சொல்லிவிடலாம். ஆனால் ஒரு வேறுபாடு உண்டு: மின்மினிகள் சேர்ந்து மின்னும். விநாடிக்கு ஏறக்குறைய மூன்று முறை, முழு மரமும் ஒன்றாக எரிந்து ஒன்றாக அணைகிற மாதிரி இருக்கும். ஆண் மின்மினிகள் பக்கத்தில் இருப்பதைப் பார்த்துத் தம் நேரத்தைச் சரிசெய்து கொள்வதால் இந்த ஒற்றுமை. எல்லாம் பெண் மின்மினியைக் கவரத்தான். ஓர் அரிசி அளவுகூடப் பருமன் இல்லாத வண்டு அது. அறிவியல் பெயர் டெரோப்டிக்ஸ் டெனர்.

இங்கேதான் பெரும்பாலான கட்டுரைகள் நின்றுவிடுகின்றன. சுற்றுலாப் பயணியும் மரத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறார். ஆனால் மின்மினியின் வாழ்க்கையில் பெரும்பகுதி அந்த மரத்தில் நடப்பதே இல்லை. பெண் மின்மினி கரைக்கு உள்ளே, நீப்பா பனையும் ரும்பியா எனும் சவ்வரிசிப் பனையும் புதரும் மண்டிய ஈரநிலத்தில் முட்டையிடுகிறது. புழு வெளிவந்து சின்னச் சின்ன நத்தைகளை வேட்டையாடித் தின்று மாதக்கணக்கில் வளர்கிறது. மண்ணில் கூட்டுப்புழுவாகிறது. அதன் பிறகே இறக்கை முளைத்து ஆற்றோர மரத்துக்கு வருகிறது. வந்த பிறகு சில வாரங்களே ஆயுள். நாம் பார்ப்பது கடைசி அத்தியாயத்தை மட்டும்.

அப்படியென்றால் என்ன பொருள்? ஆற்றோர மரங்களை வரிசையாக விட்டுவிட்டு, அவற்றுக்குப் பின்னால் உள்ள புதரை அழித்துச் செம்பனை நட்டால், படகிலிருந்து பார்க்கிறவருக்கு எதுவும் மாறியதாகத் தெரியாது. ஆனால் ஈரம் போகும், நத்தை போகும், புழு போகும். மரம் நிற்கும், விளக்கு எரியாது. ஆறும் முக்கியம். பெரெம்பாங், கடல்நீரும் ஆற்றுநீரும் கலக்கும் இடத்து மரம். ஆற்றின் மேற்பகுதியில், கோல குபு பாருவுக்கு அருகில் அணை கட்டியபோது, நன்னீர் குறைந்து உப்பு மேலேறினால் மின்மினிக்கு என்ன ஆகும் என்ற கவலை எழுந்ததும் இதனால்தான். ஆனால் கோலாலம்பூர் வட்டாரத்தில் குழாயைத் திறந்தால் வருவதில் பெரும்பங்கு இதே ஆற்றின் தண்ணீர். ஆகவே ‘அணை வேண்டாம், மின்மினிதான் வேண்டும்’ என்று ஒரே வரியில் முடித்துவிட முடியாது. வாதக் கட்டுரைக்கு நல்ல தலைப்பு. இரண்டு பக்கத்திலும் நியாயம் இருக்கிறது. கரையின் ஒரு பகுதியை மாநில அரசு பாதுகாக்கப்பட்ட பகுதியாக அறிவித்திருக்கிறது என்பதையும் சேர்த்துக்கொள்ளலாம்.

பெரெம்பாங் பற்றி இன்னொன்று; எனக்கு மிகவும் பிடித்த செய்தி. அந்த மரமும் அதன் இனத்து மரங்களும் இரவில்தான் பூக்கும். தேன் குடிக்க வௌவால்கள் வரும். அந்த வௌவால் இனத்தின் புகழ்பெற்ற வீடுகளில் ஒன்று பத்துமலைக் குகை! அங்கிருந்து கடலோரம் வரை இரவோடு இரவாகப் பறந்து போய் வரும் வலு அதற்கு உண்டு. டுரியான் பூவில் மகரந்தச் சேர்க்கை செய்வதும் இதே இனம். டுரியான் ஆண்டு முழுக்கப் பூக்காது. இடைப்பட்ட காலத்தில் வௌவாலுக்குச் சோறு போடுவது சதுப்புநில மரங்கள். தைப்பூசத்துக்குப் படியேறும்போது தலைக்குமேல் தொங்கும் உயிருக்கும் கோலசிலாங்கூர்ச் சேற்றுக்கும் உறவு இருக்கிறது என்று உங்கள் வகுப்பில் சொல்லிப் பாருங்க. பின்வரிசை மாணவன்கூடத் தலை நிமிர்வான்.

குன்றின் மேல்

புக்கிட் மெலாவத்தி பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். சிலாங்கூர் சுல்தான்களின் கோட்டை இருந்த குன்று. 1784இல் டச்சுக்காரர்கள் பிடித்தார்கள். அடுத்த ஆண்டே சுல்தான் இப்ராஹிம் மீட்டார். கலங்கரை விளக்கம் 1907இல் கட்டப்பட்டது. அங்கே பிள்ளைகளைக் கவர்வது பீரங்கி அல்ல, லோத்தோங் குரங்கு. சாம்பல் நிறத் தாயின் மார்பில் ஆரஞ்சு நிறக் குட்டி தொங்கும். இலையைச் செரிக்கவென்று அமைந்த வயிறு அதற்கு. ரொட்டியும் கடலையும் கொடுத்தால் அது அன்பு அல்ல. குன்றின் அடியில் இயற்கைப் பூங்கா. சேற்றில் தத்தித் தாவும் தெம்பாக்குல் மீனையும், ஒரு கொடுக்கு மட்டும் பெரிதாக உள்ள நண்டையும் நீர் இறங்கியிருக்கும்போது பார்க்கலாம்.

ஆசிரியர்களுக்கு

பள்ளிச் சுற்றுலாவுக்குத் தேதி குறிக்கும்போது பௌர்ணமியைத் தவிர்த்துவிடுங்க. நிலா வெளிச்சத்தில் மின்மினியின் ஒளி மங்கலாகத் தெரியும். அமாவாசையை ஒட்டிய நாளென்றால் மணல்திட்டும் கிடைக்கும், இருட்டும் கிடைக்கும். ஆனால் நீர் இறங்கும் நேரத்தைப் படகுக்காரரிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்ள வேண்டும். பலத்த மழை பெய்தால் மின்மினி பார்ப்பது சிரமம், அதற்கும் தயாராக இருங்க. சம்பானில் கைப்பேசி விளக்கு, பிளாஷ் இரண்டும் வேண்டாம் என்று பேருந்திலேயே சொல்லிவிடுவது நல்லது. படகில் ஏறிய பிறகு சொன்னால் யாரும் கேட்பதில்லை!

திரும்பி வந்ததும் உடனே முழுக் கட்டுரை எழுதச் சொல்ல வேண்டாம். முதலில் இந்தப் பயிற்சியைக் கொடுத்துப் பாருங்க. நூறு சொற்களுக்குள், ‘அழகு’ என்ற சொல்லைப் பயன்படுத்தாமல் எழுத வேண்டும்:

‘கம்போங் குவாந்தானில் உன் சம்பானை ஓட்டியவர், இருபது ஆண்டுகளுக்கு முன்பு இருந்ததைவிட இப்போது இந்தக் கரையில் வெளிச்சம் குறைவு என்கிறார். மரங்கள் அப்படியே நிற்கின்றன. காரணம் என்னவாக இருக்கலாம் என்று அவரிடம் நீ கேட்கும் மூன்று கேள்விகளை எழுதுக.’